பொம்மையா, படமா, ஸீனா? விறாந்தையில் எதை முதலில் தொடங்குவது

புதுக்குடியிருப்பில் இருக்கும் என் பெறாமகள் உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த கையோடு போன் எடுத்தாள். றிசல்ட் வரும்வரை கைக்கு ஒரு வேலை வேண்டுமாம். "சித்தி, பொம்மை செய்யவா, படம் கீறவா, ஸீன் போடவா? எதை முதல் பழகினால் நல்லது?" என்று கேட்டாள். அவளிடம் இருப்பது வீட்டுத்திட்ட வீட்டின் விறாந்தையில் ஒரு மேசை, மிச்சம் பிடித்து வைத்த 15,000 ரூபாய், பின்னேரத்தில் இரண்டு மூன்று மணித்தியாலம். கை நன்றாக வரும் பிள்ளை.

போனில் நான் சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை. பரந்தனில் என் வீட்டு விறாந்தையில் இந்த மூன்றையும் எட்டு ஒன்பது வருடமாகச் செய்துவருகிறேன். மூன்றிலும் காசும் நாளும் விட்டிருக்கிறேன். அதனால் ஆறுதலாக எழுதுகிறேன். இதே கேள்வியோடு வன்னியில் வேறு பிள்ளைகளும் இருப்பார்கள்.

முதலில் சொற்களைச் சொல்லிவிடுகிறேன். கலைப் பொம்மை என்று இங்கே நான் சொல்வது, ஒரு ஓவியர் தன் மனதில் உள்ள உருவத்தைப் பொம்மையாகச் செய்து, ஐந்து, பத்து, இருபது என்று குறைந்த எண்ணிக்கையில் கொடுப்பதை. 1990களின் கடைசியில் ஹொங்கொங்கிலும் யப்பானிலும் இது தனி இயக்கமாக வளர்ந்தது. விளையாட்டுக்கு என்பதைவிட அலுமாரியில் வைத்துப் பார்ப்பதற்கே பெரும்பாலும் வாங்குவார்கள். ஸீன் என்பது ஒருவர் தானே எழுதி, கீறி, போட்டோக்கொப்பி எடுத்து, மடித்துக் கொடுக்கும் சின்னப் புத்தகம். 1940இல் அமெரிக்காவில் விஞ்ஞானக் கதை வாசகர்கள் நடத்திய இதழ்களுக்கு 'ஃபான்ஸீன்' என்று பெயர் வந்தது; அதன் குறுக்கம்தான் ஸீன். நமக்கு இது புதுச் சாமான் இல்லை. பள்ளிக்கூடத்தில் கையெழுத்துச் சஞ்சிகை போட்ட எவருக்கும் இது தெரிந்த வேலை.

படத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் செலவு அதில்தான் குறைவு. ஒரு கறுப்பு மைப் பேனை, ஒரு தூரிகை, கொஞ்சம் தடித்த கடதாசி போதும். மின்சாரம் நின்றாலும் விறாந்தை வெளிச்சத்தில் கீறலாம். பிள்ளை அழுதால் எழும்பிப் போய்விட்டு வந்து விட்ட இடத்தில் தொடரலாம். பொம்மை வேலையில் அப்படி முடியாது. காகிதக் கூழ் பிசைந்த கையோடு எங்கே போவது?

ஆனால் படத்துக்கு ஒரு பெரிய குறை இருக்கிறது. அது ஒன்றே ஒன்றுதான். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்தபோது எங்கள் வீட்டுக்குள்ளும் தண்ணீர் வந்தது. கட்டிலுக்குக் கீழே ஒரு மட்டைப் பெட்டியில் இரண்டு வருடத்துப் படங்கள் இருந்தன. பிள்ளைகளையும் அடையாள அட்டைகளையும் அரிசி மூட்டையையும்தான் தூக்கினோம். திரும்பி வந்தபோது அந்தப் பெட்டி கூழாகியிருந்தது. அதில் மூன்று படங்கள் மட்டும் இன்றைக்கும் இருக்கின்றன. காரணம், அந்த மூன்றையும் ஒரு ஸீனில் சேர்த்திருந்தேன். நாற்பது கொப்பி எடுத்து நாற்பது பேருக்குக் கொடுத்திருந்தேன். தர்மபுரத்தில் ஒரு ரீச்சர் தன்னிடம் இருந்ததைத் திருப்பித் தந்தார்.

வன்னியில் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 2008ஆம் ஆண்டு எங்கள் வகுப்பு ஒரு கையெழுத்துச் சஞ்சிகை செய்தது. அட்டைப்படம் நான் கீறியது. ஒரே பிரதி, பள்ளி நூலகத்தில் வைத்தார்கள். அந்த வருடக் கடைசியில் இடம்பெயர்ந்து போனோம். நூலகமும் இல்லை, சஞ்சிகையும் இல்லை. எங்களில் எத்தனை வீட்டில் கலியாண ஆல்பம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒரு பொருள் எத்தனை இடத்தில் இருக்கிறது என்பதை நான் முதலாவதாகப் பார்ப்பது அதனால்தான். அழகு, விலை எல்லாம் அதற்குப் பிறகு.

இந்தக் கணக்கில் ஸீனுக்கு இணை வேறில்லை. ஒரு ஏ4 தாளை எட்டாக மடித்து, நடுவில் ஒரே ஒரு வெட்டு வெட்டினால் எட்டுப் பக்கப் புத்தகம் வந்துவிடும். தையலும் வேண்டாம், கம்பியும் வேண்டாம். தாளை விரித்தால் எட்டுப் பக்கமும் ஒரே முகத்தில் இருக்கும். மேல் வரிசை நான்கும் தலைகீழாக இருக்க வேண்டும், அதை மட்டும் மறக்கக் கூடாது. ஒருபக்கக் கொப்பி ஒன்று எடுத்தால் ஒரு புத்தகம். 80 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்றின் நிறை 5 கிராம். நாற்பது புத்தகம் 200 கிராம். ஒரு கடித உறையில் ஒன்றை வைத்து முத்திரை ஒட்டினால் மல்லாவிக்கும் போகும், மன்னாருக்கும் போகும், ரொறொன்ரோவில் இருக்கும் மாமிக்கும் போகும். வழியில் உடைவதற்கு அதில் ஒன்றும் இல்லை.

கொப்பி எடுக்கும்போது சில விஷயம் கவனிக்க வேண்டும். பென்சில் நிழல் அழுக்காக விழும். கறுப்பு மைக் கோடுதான் சுத்தமாக வரும். வெளிர் நீலப் பென்சிலால் முதலில் கீறி அதன் மேல் மை போட்டால் நீலக் கோடு பெரும்பாலும் கொப்பியில் விழாது, அழிக்கும் வேலை மிச்சம். தாளின் விளிம்புவரை மெசின் அடிக்காது, சுற்றிவர அரைச் சென்ரிமீற்றர் விட்டுவிடுங்கள். கொப்பிகளை பிளாஸ்ரிக் உறையில் நெடுநாள் வைக்காதீர்கள். பிவிசி உறை, கொப்பி மெசினின் மைத்தூளான ரோனரைத் தன்னோடு ஒட்டி எடுத்துவிடும்.

ஐம்பது பிரதிக்கு மேல் போடுவதென்றால் ரியூசன் சென்ரர்களில் பரீட்சைத் தாள் அடிக்கும் டுப்ளோ, ரைசோ மாதிரி மெசினைக் கேட்டுப் பாருங்கள். அது ஒரு பக்கத்துக்கு ஒரு மூலத்தாள் துளையிட்டு, அதன் வழியாக மையைத் தள்ளி அடிக்கும். மூலத்தாளுக்குத்தான் செலவு. பிரதி கூடக் கூட ஒன்றின் விலை இறங்கும். பத்துப் பிரதிக்கு அது வீண். மை முழுதாக உலராது, விரலில் கொஞ்சம் ஒட்டும். ஆனாலும் அந்தக் கறுப்பில் ஒரு பஞ்சுத்தன்மை இருக்கிறது, போட்டோக்கொப்பியில் அது வராது. எனக்கு அது பிடிக்கும்.

நிறம் வேண்டுமென்றால் கலர்க் கொப்பிக்குக் காசு கொடுக்காமல் பழைய பாட்டாச் செருப்பின் அடியை வெட்டி அச்சு செய்து, அட்டையில் மட்டும் கையால் குத்தலாம். ஒரு சிவப்பு மீன், ஒரு பச்சை ஓலை. நாற்பது அட்டை குத்த ஒரு பின்னேரம் போதும்.

கடதாசியே கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் பத்திரிகை கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சாகி வந்தது. 2022 மார்ச்சில் தாள் இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே ஒத்திவைத்தார்கள். ஆனால் ஸீனுக்கு வேண்டியது ஒரு தாள். கொப்பியின் பின்பக்கத்திலும் போடலாம்.

இனிப் பொம்மை. பெறாமகளின் மனம் இங்கேதான் நிற்கிறது, எனக்கும் அப்படித்தான். தட்டையான தாளில் ஒரு உருவத்தை நூறு தரம் கீறினாலும், அது கைக்குள் வந்து நிற்கும்போது வரும் சந்தோசம் வேறு. ஆனால் பொம்மை என்று ஒரே சொல்லில் சொல்வதால்தான் பிள்ளைகள் பிழையான இடத்தில் காசைப் போடுகிறார்கள். ரெசின், களிமண், காகிதக் கூழ் ஆகிய மூன்றும் மூன்று தொழில்.

போனில் நாங்கள் பார்க்கும் பளபளப்பான கலைப் பொம்மைகளில் கன சாமான் ரெசினில் வார்த்தவை. முதலில் ஒரு மூலப் பொம்மை, அதிலிருந்து சிலிக்கன் அச்சு, பிறகு இரண்டு திரவத்தைக் கலந்து ஊற்றி இறுகவிடுவது. ஒரே மாதிரி இருபது பொம்மை வேண்டுமென்றால் இதற்குச் சமமான வழி குறைவு, அதை ஒத்துக்கொள்கிறேன். இருந்தும் வீட்டுத்திட்ட வீட்டுக்குள் இதை வேண்டாம் என்கிறேன். பொலியூரிதேன் ரெசினின் ஒரு பாகத்தில் இருக்கும் ஐசோசயனேற் என்ற இரசாயனம் மூச்சுக்குழாயைக் கெடுக்கும், ஆஸ்துமா வரக்கூடும். எபொக்சி என்ற இன்னொரு வகை ரெசின் தோலில் திரும்பத் திரும்பப் பட்டால் ஒவ்வாமை பிடித்துவிடும், பிறகு அது லேசில் விடாது. துணி மாஸ்க்கோ ஆஸ்பத்திரி மாஸ்க்கோ அந்த ஆவியைத் தடுக்காது. ஆவிக்கென்று செய்த வடிகட்டி உள்ள முகக்கவசம் வேண்டும். இரண்டு அறை வீட்டில், அதே விறாந்தையில் படுக்கும் பிள்ளைக்கு யார் முகக்கவசம் போடுவது?

சுகத்தை விட்டாலும் எங்கள் காலநிலை அதற்குப் பொருந்தாது. பொலியூரிதேன் ஈரத்தைக் கண்டால் வாயுவைக் கக்கி நுரைக்கும். கார்த்திகை மாதம் ஊற்றிய என் ஆறு பொம்மையும் உள்ளே குமிழி பிடித்துத் தேன்கூடு மாதிரி வந்தன. சித்திரை வெயிலில் ஊற்றினால் கலந்து முடிக்கமுதலே கட்டியாகிறது. அது முழுக்க இறக்குமதிச் சாமான். 2022இல் சில மாதத்துக்குள் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியபோது, சிலிக்கன் வாங்க வைத்திருந்த காசில் மூடி கூட வாங்க முடியவில்லை. அன்றைக்கு விட்டவள்தான், திரும்பத் தொடவில்லை.

களிமண் எங்களிடம் தாராளம். குளத்து அடியிலும் வயல் ஓரத்திலும் நல்ல ஒட்டும் மண் இருக்கிறது. ஒட்டுசுட்டானில் ஓட்டுத் தொழிற்சாலை அமைந்ததும் மண்ணை நம்பித்தானே. ஒரு வாளி மண் எடுப்பதென்றாலும் கமக்காரர் அமைப்பிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ஆள் புழங்காத காட்டுக்கரையில் போய் மண்வெட்டி போடாதீர்கள். போர்க்காலக் கண்ணிவெடி கிடக்கலாம் என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

மண்ணைக் கரைத்து, துணியில் வடித்து, அடியில் படிந்ததை எடுத்துப் பிசைய வேண்டும். உருவம் செய்வது சுகம், கை சொன்னதை மண் கேட்கும். சிக்கல் சூளையில்தான். பச்சைக் களிமண் என்ன காய்ந்தாலும் தண்ணீர் பட்டால் திரும்பச் சேறு. அது மண் தன்மையை விட்டு மாற ஏறக்குறைய 600 பாகை செல்சியஸ் தாண்ட வேண்டும். சமையல் அடுப்புப் போதாது. உமியும் வைக்கோலும் வறட்டியும் அடுக்கிக் குழியில் சுடலாம், வன்னியில் உமிக்குப் பஞ்சமில்லை. ஆனால் பொம்மையின் சுவர் விரல் தடிப்புக்கு மேல் போனாலோ, உள்ளே ஈரம் மிச்சம் இருந்தாலோ நீராவி அடைத்து வெடிக்கும். முதல் சூளையில் ஒன்பது வைத்து நான்கு எடுத்தேன். அந்த நான்கில் ஒன்று பஸ்ஸில் வவுனியா போய்ச் சேரமுதல் காது உடைந்தது. மண்ணில் மனம் உள்ளவர் அதிலேயே இருக்கலாம், ஆனால் முதல் வேலைக்கு இதைச் சொல்லமாட்டேன்.

நான் இப்போது செய்வது காகிதக் கூழ். தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மைகளில் காகிதக் கூழும் களிமண்ணும் வெகுகாலமாக உள்ள சாமான். பழைய பத்திரிகையைக் கிழித்து ஒரு இரவு ஊறவிட்டு, அவித்து, உரலில் இடித்துப் பிழிந்தால் கூழ். அதற்குக் கோதுமை மாக் களி, ஊறவைத்து அரைத்த வெந்தயம். வெந்தயம் பசையாகவும் நிற்கும், பூச்சிக்கும் கொஞ்சம் தடை. புத்தகம் கட்டுபவர்கள் பசையில் மயில்துத்தம் போடுவார்கள், பூச்சி வராது. ஆனால் அது நஞ்சு. பிள்ளை வாயில் வைக்கக்கூடிய எதிலும் போடாதீர்கள்.

அச்சுக்கு அரைச் சிரட்டை போதும். சிரட்டையில் கடதாசி ஒட்டி, அதன் மேல் கூழை அப்பிக் காயவைத்தால் ஒரு கிண்ணம் வரும். அடியில் ஒரு உருண்டைக் களிமண்ணை அமுக்கி, மேலே இன்னொரு பாதியைக் கவிழ்த்து ஒட்டினால், தட்டிவிட்டாலும் நிமிர்ந்துவிடும் பொம்மை தயார். பாரம் அடியில் இருக்கும்வரை அது விழாது. தலைக்கு ஊமலையோ பனங்கொட்டையையோ வைப்பேன். சூப்பிக் காயவைத்த பனங்கொட்டையில் தும்பு அப்படியே தலைமயிராக நிற்கும். வாரிப் பின்னலும் பின்னலாம். சின்ன வயதில் இரண்டு பனங்காயைத் தடியில் கோத்து வண்டில் ஓட்டினோமே, அந்தக் கை இன்னும் எங்களிடம் இருக்கிறது.

ஆறு பொம்மை ஒரு தொகுதியாகச் செய்தால் வெயில் காலத்தில் எனக்குப் பத்து நாள் எடுக்கும். நாளுக்கு ஒரு மணித்தியாலம்தான் வேலை, மிச்சம் வெயிலின் வேலை. கூழைத் தடிப்பாக ஒரே தரத்தில் அப்பினால் வெளி காய்ந்து உள் காயாமல் வெடிக்கும், பூஞ்சணமும் பிடிக்கும். மெல்லிதாக மூன்று தரம் அப்ப வேண்டும். ஐப்பசியிலிருந்து மார்கழிவரை கூழைத் தொடவே வேண்டாம். அடுப்படிப் பறணில் வைத்துக் காயவைத்துப் பார்த்தேன், புகை நிறம் ஏறிற்றே தவிரக் காயவில்லை. கறையான் இன்னொரு எதிரி. நிலத்தில் ஒருபோதும் வைக்காதீர்கள். தகர டின்னில், வறுத்த அரிசி ஒரு சின்னத் துணிப்பையில் கட்டிப் போட்டு வையுங்கள். நிறத்துக்கு அக்ரிலிக். கதவுக்கு அடிக்கும் எனாமல் பெயின்ற் பிள்ளைகளின் பொம்மைக்கு வேண்டாம்.

கூழ்ப் பொம்மை உடைந்தால் அதே கூழால் ஒட்டலாம். ரெசினுக்கும் சுட்ட மண்ணுக்கும் இல்லாத குணம் இது. நிறையும் குறைவு, பஸ் பார்சலில் வைக்கோல் சுற்றி அனுப்பியதில் இன்றுவரை ஒன்றுக்குத்தான் சேதம்.

விற்பனையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கலைப் பொம்மை சேர்த்து வைக்கும் ஆட்கள் வன்னியில் இல்லை என்றே சொல்லலாம். வற்றாப்பளைப் பொங்கல் கடைகளில் பிளாஸ்ரிக் பொம்மை விற்கும் விலைக்கு எங்கள் கையால் ஒன்றும் செய்ய முடியாது. அந்த விலையோடு மல்லுக்கட்டினால் பத்து நாள் உழைப்பு இரண்டு சோடாவுக்குக் காணும். வெளிநாட்டு உறவுகள் நல்ல விலை தருவார்கள், ஆனால் அனுப்பும் செலவு பொம்மை விலையைத் தாண்டிவிடும். ஊருக்கு வருபவர்கள் கையோடு கொண்டுபோனால்தான் சரி. ஸீன் விலை குறைந்தது, ஆனால் போய்ச் சேரும். என் பொம்மைகளில் பாதிக்கு மேல் வாங்கியவர்கள் முதலில் ஸீனில் அந்த உருவத்தைப் பார்த்தவர்கள். பனங்கொட்டைத் தலைப் பெண்ணுக்கு ஒரு கதை இருந்தது. கதையைப் படித்தவர்களுக்கு அவள் வேண்டும்.

அதனால் என் முடிவு ஸீன்தான். மழைக்காலத்தில் ஒன்று, இரண்டு, மூன்று ஸீன். அதற்காகக் கீறும்போது படமும் தானாகப் பழகும், தனியாகப் படத்தைத் தெரிவுசெய்யத் தேவையில்லை. மாசி பிறந்து வெயில் ஏறியதும், ஸீனில் ஆட்கள் அதிகம் கேட்ட ஒரு உருவத்தை எடுத்துக் கூழில் செய்யலாம். 15,000 ரூபாயில் பேனை, தாள், கொப்பிச் செலவு போக அரைவாசிக்கு மேல் மிஞ்சும். அதை அக்ரிலிக்குக்கும் நல்ல தூரிகைக்கும் வைத்துக்கொள்ளட்டும்.

இதை எழுதிவிட்டு அவளுக்கு வாசித்துக் காட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சித்தி, துணிப் பொம்மையைப் பற்றி ஒரு வரியும் இல்லையே" என்றாள். உண்மைதான். நான் ஊசி பிடிக்காதவள், அதனால் அந்தப் பக்கம் யோசிக்கவே இல்லை. அவளுடைய அம்மா, என் அக்கா, தையல்காரி. வீட்டில் மெசின் இருக்கிறது, சட்டை வெட்டிய துண்டுகள் மூட்டையாகக் கிடக்கின்றன, வளவில் இலவம் மரம் நிற்கிறது. துணிப் பொம்மைக்குச் சூளை வேண்டாம், வெயில் வேண்டாம், மழைக்காலத்திலும் தைக்கலாம். விழுந்தாலும் உடையாது, தோய்த்தால் மட்டும் இலவம் பஞ்சு கட்டிபடும். ஒரு வெட்டு மாதிரியைக் கடதாசியில் கீறி வைத்தால் இருபது பொம்மை ஒரே அளவில் வரும், ரெசினுக்கு நான் ஒத்துக்கொண்ட அந்த ஒரு நன்மையும் இதில் இருக்கிறது. அவள் வீட்டில் நான் இருந்திருந்தால் கூழுக்குப் பதில் துணியைத்தான் எடுத்திருப்பேன்.

ஆகவே அவளுக்கு மட்டும் ஒரு திருத்தம்: மாசிவரை காத்திருக்க வேண்டாம். ஸீனின் கடைசிப் பக்கத்தில் கதை முடியும் இடத்தில், அந்தப் பொம்மையின் வெட்டு மாதிரியைக் கீறிவிடட்டும். ஏ4 தாளை எட்டாக மடித்தால் வரும் ஏ7 பக்கம் 74 மில்லிமீற்றர் அகலம், 105 உயரம். உள்ளங்கையளவுப் பொம்மைக்கு அது போதும். தையலுக்குச் சுற்றிவர 5 மில்லிமீற்றர் விட வேண்டும் என்றும் எழுதட்டும். வாங்குபவர் வீட்டில் ஊசியும் பழைய சட்டையும் இருந்தால் அவரே தைத்துக்கொள்வார். அக்கா இப்போதே ஒரு பூப்போட்ட துண்டை எடுத்து வைத்துவிட்டாராம். வாய் எப்படித் தைப்பது என்றுதான் இரண்டு பேருக்கும் இன்னும் முடிவாகவில்லை.